எஸ்.எஸ். சிக்னி கண்ணில் படவே இல்லை: டெலஸ்கோப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகளுக்காக 6 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கினேன். அவ்வப்போது திடீரென்று பிரகாசமாகும் குறு நோவா என்று படித்துவிட்டு, மொட்டை மாடியிலிருந்து நான்கு இரவு எஸ்.எஸ். சிக்னியைத் தேடினேன். வரைபடம் காட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. டெலஸ்கோப் போதவில்லையா, ஊர் வெளிச்சமா, என் கண்ணா?

பதில்: மூன்றின் மேலும் பழி போட வேண்டாம். எஸ்.எஸ். சிக்னி முக்கால்வாசி நாள் 12 மேக்னிட்யூடில் (பிரகாசத்தின் அளவு; எண் கூடக் கூட மங்கல்) மங்கிக் கிடக்கும். நல்ல இருட்டில் 6 அங்குலக் கண்ணாடிக்கு அது எட்டும். தெருவிளக்குக்கு நடுவில் மாடியிலிருந்து பார்த்தால் எட்டியும் எட்டாமலும்தான். அது அடங்கியிருந்த நாட்களில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அங்கே இருப்பது ஒரு நட்சத்திரம் அல்ல, இரண்டு. ஆறரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவிடும் அளவுக்கு நெருக்கமான ஜோடி. அதில் ஒன்று வெண்குள்ளன்: சூரியன் அளவு எடையைப் பூமி அளவு உருண்டைக்குள் அடைத்த மாதிரி. மற்றதிலிருந்து வழியும் வாயு நேராக இதன் மேல் விழாமல், சுற்றி ஒரு வட்டாகத் தேங்குகிறது. வீராணம் ஏரி நிரம்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டு கனத்துச் சூடேறி, ஹைட்ரஜன் அயனியாகிற கட்டம் வந்ததும் வாயுவுக்குள் உராய்வு சட்டென்று கூடிவிடும். மதகு திறந்தாற்போல, தேங்கியதில் ஒரு பங்கு உள்ளே பாயும். அப்போது வட்டு பிரகாசிக்கிறது. 12 மேக்னிட்யூடிலிருந்து ஓரிரு நாளில் 8 வரை, அதாவது சுமார் நாற்பது மடங்கு. ஒன்றிரண்டு வாரத்தில் பழையபடி அடங்கிவிடும். அடுத்தது நாலு வாரத்திலும் வரலாம், பத்து வாரமும் ஆகலாம். நட்சத்திரம் எதுவும் வெடிப்பதில்லை. உண்மையான நோவாவில்தான் வெண்குள்ளனின் மேற்பரப்பே அணுச்சேர்க்கையில் பற்றிக்கொள்ளும். 1866, 1946 என்று வெடித்து, அடுத்ததற்கு எல்லோரையும் காக்கவைத்திருக்கும் டி கொரோனா போரியாலிஸ் அந்த ரகம்.

சரி, நீங்கள் 'ஒன்றுமே இல்லை' என்று எழுதிய அந்த நான்கு இரவுக்கு வருகிறேன். அது வீண் இல்லை, ஆனால் பாதி வேலைதான். வரைபடத்தில் சுற்றியுள்ள ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்கு எண் போட்டிருக்கும். 85 என்றால் 8.5, புள்ளி வைத்தால் அதையும் நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம் என்பதால் வைப்பதில்லை. அவற்றில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிகிற மிக மங்கலானது எது என்று பாருங்கள். நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கடைக்கண்ணால் பாருங்கள். மங்கலான ஒளி அங்கேதான் சிக்கும். அது 114 என்றால், நோட்டில் '11.4ஐ விட மங்கல்' என்று எழுதுங்கள். இதுதான் முழுமையான பதிவு. 2012–13இல் ஹப்பிள் தொலைநோக்கி இந்த வகை ஜோடிகளை ஆராய்ந்தபோது, அவை அந்த நேரத்தில் பிரகாசமாகிவிடவில்லை என்று உறுதி தேவைப்பட்டது. பிரகாசம் கூடினால் கருவியின் உணர்வி பழுதாகிவிடும். அந்த உறுதியைக் கொடுத்தவர்களில் உங்களைப் போல வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் நிறைய. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கம் அவர்களை ஒருங்கிணைத்தது. உங்களுக்கு வேண்டிய வரைபடமும் அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பிரகாசமான நாள் வந்துவிட்டால் வேலை எளிது. 8.5 நட்சத்திரத்தை விட மங்கல், 9.1ஐ விடப் பிரகாசம், ஆனால் முதலாவதுக்குக் கொஞ்சம் கிட்ட என்றால் 8.7. ஒரே ஒரு எச்சரிக்கை. டாப்சோனியனில் படம் தலைகீழாகத் தெரியும். வரைபடத்தையும் அதே மாதிரி திருப்பிப் பிடியுங்கள். ஒருமுறை நான் அதை மறந்து பக்கத்து நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, வந்துவிட்டது வந்துவிட்டது என்று குதித்தேன். மூன்று வாரம் ஆகியும் அது அடங்கவே இல்லை!

அப்புறம் பருவம். எஸ்.எஸ். சிக்னி முன்னிரவில் உயரமாக வரும் அக்டோபரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மே மாதம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால் வானம் பெரும்பாலும் ஒத்துழைக்கும். மேகத்தைப் பார்த்து நொந்துபோனால் லெ ஜென்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1761 வெள்ளி இடைநகர்வை, அதாவது வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை, கடலில் மாட்டிக்கொண்டு தவறவிட்ட பிரெஞ்சு வானியலாளர், 1769 ஜூனில் அடுத்ததற்காகப் புதுச்சேரியில் காத்திருந்தார்; அன்று காலை பார்த்து மேகம் மூடியது. அதற்கடுத்தது 1874இல்தான். உங்களுடையது ஓரிரு மாதத்திலேயே திரும்ப வரும்.

எனக்குக் கேட்டால், கடலூருக்குப் பொருத்தமானது இன்னொரு குறு நோவாவான யூ ஜெமினோரம். 1855இல் ஆங்கிலேய வானியலாளர் ஹிண்ட் கண்டுபிடித்தது. மறு வருஷம் இதை உற்றுக் கவனித்த போக்சன்தான் பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வந்தவர். புனர்பூசத்தின் பொல்லக்ஸுக்குத் தெற்கே ஆறு டிகிரி சொச்சம். மழை ஓய்ந்த தை, மாசியில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே வரும். அடங்கியிருக்கும்போது 14, உங்களுக்குத் தெரியாது. சுமார் நூறு நாளுக்கு ஒருமுறை 9க்கு எழும்போது பளிச்சென்று தெரியும். வடலூர் தைப்பூசத்தை ஒட்டி நாலைந்து நாள் மட்டும் விட்டுவிடுங்கள்: முழு நிலா அதன் பக்கத்திலேயே நிற்கும். ஆடியில் சூரியன் அங்கே போய்விடும், தேட வேண்டாம்.

கடல் காற்றில் பனி இறங்கும். குழாய் முனையில் கறுப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டி நீட்டிவிட்டால் கொஞ்சம் தாங்கும். கண்ணாடியில் உப்புப் படிந்தாலும் துணியால் துடைக்காதீர்கள்.

பதிவில் நேரத்தை ஜூலியன் நாளாக, அதாவது மாதம் வருஷம் இல்லாமல் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் எண்ணாகக் குறிப்பது வழக்கம். அந்த நாள் மாறுவது உலக நேரம் நண்பகல் 12க்கு, நமக்கு மாலை 5:30. ஆக, அந்தியில் பார்த்ததும் விடியலில் பார்த்ததும் ஒரே நாள் எண்ணில் விழும். நடுராத்திரியில் தேதி மாறுகிற குழப்பம் கிடையாது.

அந்த நான்கு இரவில் எந்த எண் வரை தெரிந்தது என்று எங்காவது குறித்து வைத்திருந்தால் அனுப்பிவிடுங்கள். குறிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம்.