மாடியில் காமிக்ஸ், கீழே குடித்தனம்

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோட்டில் அண்ணனின் மஞ்சள் மண்டியில் கணக்கு பார்க்கிறேன். பெற்றோர் சிறு வயதிலேயே காலமாகிவிட்டதால் அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்தார், கல்யாணமும் செய்துவைத்தார். வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். செருப்பு வாங்குவதென்றாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் உண்டு. அண்ணன் வாங்கித் தந்த இரும்புக்கை மாயாவியில் தொடங்கி, இப்போது ஆங்கிலத்தில் ‘ஜட்ஜ் ட்ரெட்’ வரை வந்திருக்கிறேன். அதில் நீதிபதி ட்ரெட்டின் வீட்டில் வால்டர் என்றொரு எடுபிடி ரோபோ வரும். ‘உன் அண்ணன் ட்ரெட், நீ வால்டர்’ என்று நண்பன் ஒருவன் கேலி செய்தான். அன்று சிரித்துவிட்டேன். இப்போது அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. என் மனைவிக்கும் வருத்தம்தான். அவள் அப்பா வந்தால்கூட அண்ணியைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி போட வேண்டியிருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன் மாடி போர்ஷனைத் தனி மீட்டர் போட்டு எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். தற்சமயம் அதில் என் காமிக்ஸ் பெட்டிகள் இருக்கின்றன. அண்ணன் மனம் நோகாமல் அவரிடமிருந்து விடுதலை பெறுவது எப்படி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, அந்த மாடி மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று என்றைக்காவது போய்ப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் காமிக்ஸ் பெட்டிகள் மின்விசிறியும் போடுவதில்லை, மிக்சியும் ஓட்டுவதில்லை. மூன்று வருடமாகப் பூஜ்ய ரூபாய் பில் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் அந்த மாடி உங்களுக்கு ஞாபகத்திலேயே இல்லை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், பேனா நழுவியதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரிதான் கடிதம்.

இப்படி வருகிற கடிதங்களை நான் பல வருடங்களாகப் படிக்கிறேன். அண்ணன் விடவில்லை, அப்பா விடவில்லை, மாமியார் விடவில்லை. உண்மையாகவே விடாதவர்கள் உண்டு. அவர்களிடம் சிக்கியவர்களுக்கு நான் வேறு மாதிரி எழுதுவேன். உங்கள் அண்ணன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் இல்லை. அவர் சுவர் வைத்துத் தடுத்து, மின்வாரியத்துக்கு மனுக் கொடுத்து, தனி மீட்டர் வாங்கித் தந்திருக்கிறார். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? உங்களைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்காரவைக்க வேண்டுமா?

வால்டருக்கு வருவோம். நீங்கள் ஆரம்பித்ததால் நானும் பேசுகிறேன். என் வீட்டிலும் ஒரு காமிக்ஸ் பைத்தியம் இருந்தது, எனக்கும் கொஞ்சம் தெரியும். 1977-இல் பிரிட்டனில் ‘2000 ஏடி’ வார இதழ் தொடங்கியபோது, அதன் இரண்டாவது இதழிலேயே ட்ரெட் வந்துவிட்டார். ஜான் வாக்னரின் எழுத்து, கார்லோஸ் எஸ்குவெராவின் உருவ அமைப்பு. மெகா சிட்டி ஒன் என்ற அந்த எதிர்கால நகரத்தில் போலீஸ், நீதிமன்றம், தண்டனை மூன்றும் ஒரே ஆள். முகத்தைக்கூடக் காட்டாமல் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாழ்கிற மனிதர். அந்த நகரத்தில் வேலையெல்லாம் ரோபோக்கள் செய்கின்றன. அவை விலைக்கு வாங்கி விற்கப்படும் சொத்து. ஒருநாள் ஒரு தச்சு ரோபோவின் தலைமையில் அவை கலகம் செய்கின்றன. அந்தச் சண்டையில் மனிதர்கள் பக்கம் நின்ற ரோபோதான் உங்கள் வால்டர்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். வால்டரின் விசுவாசத்துக்குப் பரிசாக அவனுக்கு விடுதலை கொடுத்தார்கள். முழு விடுதலை. ‘ர’ சொல்ல வராத அந்த வாயால் அவன் என்ன சொன்னான்? ட்ரெட்டுக்கே ஊழியம் செய்கிறேன் என்றான். ட்ரெட் அவனைக் கேட்கவே இல்லை. அவனாக வீட்டுக்குள் வந்து, துடைத்துப் பெருக்கி, சமைத்து, எஜமானே எஜமானே என்று காலைச் சுற்றுகிறான். அந்தக் கடுமையான மனிதருக்கு இவனைக் கண்டாலே எரிச்சல். சிரிப்பு வருவது அந்த இடத்தில்தான்.

நண்பர் கேலி செய்தது உங்களைத்தான், உங்கள் அண்ணனை அல்ல என்று இப்போதாவது புரிகிறதா? அடிமைப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்க அந்தக் கதை எழுதப்படவில்லை. கதவு திறந்திருக்க உள்ளேயே நின்றுகொண்டு, தன் நிலையை எல்லோருக்கும் சொல்லிக் காட்டுகிறவனைப் பார்த்துத்தான் சிரிப்பு. 1978-இல் வால்டருக்கென்று தனியாகச் சின்னச் சின்ன நகைச்சுவைக் கதைகளே போட்டார்கள், பிரையன் போலண்ட் சிலவற்றை வரைந்தார். அவ்வளவு பிரபலம். இங்கிலாந்துக்காரர்களுக்கு எஜமானன்–வேலைக்காரன் விவகாரம் பழைய வியாதி. அதில் கைவைத்தால் நன்றாகச் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். உங்கள் அண்ணனை ட்ரெட் என்றீர்களே, ட்ரெட்டுக்கு ஓர் அண்ணன் இருந்தான். ரிக்கோ. ஒரே வார்ப்பில் உருவான இரண்டு பேரில் அவன் மூத்தவன். அவன் தப்பு செய்தபோது தம்பிதான் பிடித்துக் கொடுத்தார். இருபது வருடம் டைட்டன் சிறையில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தம்பிதான் சுட்டுக் கொன்றார். ட்ரெட் கதையில் தம்பி என்றால் இப்படி. உங்கள் கதையில் அண்ணன் தாயில்லாப் பிள்ளையை வளர்த்தார், மாயாவி புத்தகம் வாங்கித் தந்தார், பெண் பார்த்தார், மாடியைப் பிரித்துத் தந்தார். அந்த மனிதரை ஒரு கேலிப் பேச்சுக்காக ட்ரெட் ஆக்குவதற்கு உங்களுக்கு நா கூசவில்லையா? உங்கள் அண்ணனின் கல்யாணமே உங்களால் தள்ளிப்போயிருக்கலாம். அதை ஒருநாளாவது கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா?

அவர் ஏன் மாடியை ஒதுக்கினார் என்று யோசியுங்கள். நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்காமல் கொடுத்திருக்கிறார். 35 வயதுத் தம்பி செருப்பு வாங்கவா வேண்டாமா என்று எதிரில் வந்து நிற்பது அவருக்கும் அலுத்திருக்கும். அண்ணிக்கு இன்னும் அலுத்திருக்கும். தன் அடுப்படியில் இன்னொருத்தி காப்பிக்கு அனுமதி கேட்டு நிற்பதை எந்தப் பெண்ணும் ரசிக்க மாட்டாள். உங்களைப் போகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, அதனால் மீட்டர் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அங்கே கொண்டுபோய்ப் பெட்டியை அடுக்கிவிட்டீர்கள்.

நான் கூட்டுக் குடும்பத்துக்கு எதிரி இல்லை. ஒரே உலையில் இருபது பேருக்குச் சோறு வெந்த வீட்டில்தான் பிறந்தேன், அதன் சுகமும் தெரியும். வளர்த்தவருக்குக் கடன் உண்டு, அதைக் கடைசிவரை தீர்க்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். அவருக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரியில் இரவு உட்காருங்கள். அவர் பிள்ளைகளின் கல்யாணத்தில் முன்னால் நின்று செலவு செய்யுங்கள். அதெல்லாம் தம்பியின் கடமை. முடிவெடுக்கிற பொறுப்பையெல்லாம் அவர் தலையில் போட்டுவிட்டு, பிறகு அவர் அதிகாரம் செய்கிறார் என்று ஊருக்கு எழுதுவது கடமை இல்லை. அது சோம்பேறித்தனம். கொஞ்சம் கோழைத்தனமும் சேர்ந்தது.

உங்கள் மனைவியைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காமிக்ஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. பெற்ற தகப்பனுக்கு ஒரு டம்ளர் காப்பி போட இன்னொருவரைக் கேட்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். அவருக்குச் சொந்தமான அடுப்படி தலைக்கு மேலே பூட்டிக் கிடக்கிறது. அதில் உங்கள் புத்தகங்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவருக்கு ‘வருத்தம்தான்’ என்கிறீர்கள். எனக்கானால் கோபம் வந்திருக்கும். அண்ணன் உங்களை அடிமையாக வைத்திருக்கிறாரோ இல்லையோ, நீங்கள் ஒருத்தியை இன்னொரு வீட்டு வாசலில் காக்க வைத்திருக்கிறீர்கள்.

அண்ணன் மனம் நோகாமல் எப்படி என்று கேட்டீர்கள். அவரிடம் விடுதலை கேட்கவே போகாதீர்கள். அது மூன்று வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. ‘போகலாமா’ என்று கேட்காமல், தேதி சொல்லுங்கள். ஆடி முடியட்டும், ஆவணியில் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சப்போகிறோம், நீங்களும் அண்ணியும்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அண்ணன் கண் கலங்கினால் கலங்கட்டும். வளர்த்தவருக்கு அந்த உரிமை உண்டு. அதைச் சாக்காக வைத்துப் பின்வாங்கினீர்கள் என்றால் அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

மண்டி விஷயம் தனி. சம்பளம் என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லை. தேவைப்படும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குப் பார்ப்பவருக்கே கணக்கு இல்லை! மாதச் சம்பளமோ பங்கோ, இரண்டில் ஒன்றைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நான் இல்லாவிட்டால் மண்டி நின்றுவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். வால்டர் வருவது குறைந்துபோன பிறகும் ட்ரெட் கதை இன்றுவரை வந்துகொண்டுதான் இருக்கிறது.

காமிக்ஸை எடைக்குப் போடச் சொல்கிறேன் என்று பயப்பட வேண்டாம். ஓர் இரும்பு அலமாரி வாங்கி, கூடத்து மூலையில் வையுங்கள். அடுக்களையில் வேண்டாம், பழைய தாள் எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டிகளை இறக்கிவிட்டு மாடியைக் கழுவிவிடுங்கள். கேஸ் இணைப்பு உங்கள் மனைவி பெயரில் இருக்கட்டும். பாத்திரம் வாங்க அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எவர்சில்வரா பித்தளையா என்று அவர் கேட்டால், ‘உன் இஷ்டம்’ என்று தப்பித்துக்கொள்ளாமல் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லுங்கள்.