சிலாங்கூர் ஆற்றில் ஒரு நாள்: கேட்டவர்களுக்குப் பதில்

கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் ஆற்றுப் பயணம் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பல வருடமாகச் சொந்தபந்தங்களை வேனில் ஏற்றிப் போய்வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

செந்தூல் தம்பி: அண்ணே, பகலில் கோல குபு பாருவில் ரப்பர் படகு, இரவில் கோல சிலாங்கூரில் மின்மினி. ஒரே நாளில் முடியுமா?

இரண்டும் ஒரே ஆறுதான் தம்பி. மேலே பாறைகளில் முட்டி மோதி இறங்குகிற சுங்கை சிலாங்கூர்தான், கீழே வந்து சத்தமில்லாமல் சேற்றுக் கரைகளுக்கு நடுவே நகர்கிறது. முடியும். ஆனால் பகலெல்லாம் துடுப்புப் போட்டவன் இரவுப் படகில் தூங்கி வழிவான். ஒன்றைப் பிடியுங்கள்.

கிள்ளான் அக்கா: பேரப்பிள்ளைகளுக்கு மின்மினி காட்ட எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

இருட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள் அக்கா. நன்றாக இருட்ட ஏழேமுக்கால் ஆகும். ஏழரைக்கெல்லாம் கோல சிலாங்கூர் பக்கத்துக் கம்போங் குவாந்தான் படகுத்துறையில் இருங்கள். நான்கு மணிக்குப் புக்கிட் மலாவாத்தி குன்றில் கலங்கரை விளக்கத்தையும் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகளையும் பிள்ளைகள் பார்த்துவிடலாம். பாசிர் பெனாம்பாங்கில் சாப்பாட்டை ஆறரைக்குள் முடியுங்கள். ஒருமுறை என் மைத்துனர் இன்னொரு தட்டு நண்டு கேட்டார். அது வந்து சேர்வதற்குள் மழை வந்துவிட்டது. அன்று நாங்கள் பார்த்தது நண்டை மட்டும்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை: பௌர்ணமியில் போகலாமா? பூச்சி ஏன் சில மரங்களில் மட்டும் மின்னுகிறது?

பௌர்ணமியைத் தவிருங்கள், நிலா வெளிச்சத்தில் பூச்சியின் மினுக்கம் எடுபடாது. அங்கே மின்மினி கூடுவது கரையோர பெரெம்பாங் மரங்களில். ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்க ஒரே தாளத்தில் விட்டுவிட்டு மின்னும். மரமே மூச்சு விடுவது போல இருக்கும். புழுப் பருவத்தில் இவை கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அதனால் மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையை வழித்துச் சுத்தம் செய்தாலும் பூச்சி குறையும். மாணவர்களோடு போனால் கைப்பேசி விளக்கு எரியக்கூடாது என்று படகில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். கொசு மருந்தையும் கரையிலேயே பூசிக்கொள்ளட்டும்.

காஜாங் தந்தை: படகு வேண்டாம், பிள்ளைகள் குளித்தால் போதும். உலு லங்காட் சரியா?

அங்குள்ள சுங்கை சோங்காக் ஆறு நல்ல இடம். ஆனால் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளத்தை மனத்தில் வையுங்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மலையில் பெய்த மழை திடீரென மொத்தமாக இறங்கும். தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறுகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, இரைச்சல் கனக்கிறதா? செருப்பைத் தேடாதீர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பங்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பிற்பகல் மழைக்கு முன் காலையிலேயே குளித்து முடித்துவிடுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகப் புகலாம்.

பத்து கேவ்ஸ் தங்கை: கார் இல்லை. என்ன செய்வது?

கோல குபு பாருவுக்கு கொமுட்டர் ரயில் உண்டு. நிலையத்திலிருந்து ஊர் சில கிலோமீட்டர். மின்மினிக்கு மட்டும், இரவில் திரும்பப் பஸ் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து வண்டி எடுங்கள், ஓட்டுகிறவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.