வெறுப்பு வேறு, இளக்காரம் வேறு: ஆங்கிலச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை, உயர்தர மாணவி): மிஸ், என் அகராதியில் கன்டெம்ட், ஸ்கோர்ன், டிஸ்டேன் மூன்றுக்கும் 'வெறுப்பு, இகழ்ச்சி' என்றுதான் போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

பதில்: முதலில் வெறுப்பைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள் பிள்ளை. அதற்கு ஹேட்ரட் இருக்கிறது. நமக்குச் சமமானவரையும் வெறுக்கலாம், நம்மைவிடப் பெரியவரையும் வெறுக்கலாம். இந்த மூன்றிலும் பார்க்கிறவர் தன்னை மேலே ஏற்றி வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்.

கன்டெம்ட் என்பது மனதுக்குள் எடுத்துவிட்ட முடிவு: 'இந்த ஆளுக்கு ஒரு மதிப்பும் இல்லை.' ஒரு சொல்லும் பேசாமல் அதை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். நம்முடைய இளக்காரம் இதற்குக் கிட்ட வரும். அது ஏளனச் சிரிப்பாக, சுடுசொல்லாக வெளியே விழுந்தால் ஸ்கோர்ன். 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்று குறள் சொல்கிறதே, அந்த எள்ளல்தான். டிஸ்டேன் இரண்டையும்விடக் குளிர்ந்தது. 'தகுதியற்றது' என்று ஒதுக்கும் லத்தீன் சொல் அதன் வேர். சண்டை பிடிக்கக்கூட நீ தகுதியில்லை என்று முகத்தைத் திருப்புவது.

கல்யாண வீட்டில் ஒரு மாமி உங்கள் சேலையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த கதிரைக்குப் போகிறார். அது டிஸ்டேன். அவரே பக்கத்திலிருப்பவரிடம் "இதையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்" என்று சிரித்தால் ஸ்கோர்ன். வீட்டுக்குப் போன பிறகும் உங்களைப் பற்றி அவர் மனதில் மாறாமல் கிடப்பது கன்டெம்ட்.

கேள்வி (புதுக்கடையில் சட்டத்தரணியிடம் பயிற்சி பெறுபவர்): அப்படியென்றால் கன்டெம்ட் ஒஃப் கோர்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு, மனதில் இருப்பதா, செய்வதா?

பதில்: செய்வது. 1978 அரசியலமைப்பின் 105(3) ஆம் உறுப்புரை உயர் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. நீதிமன்றத்தைப் பற்றி ஒருவர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பதற்காக அல்ல, கட்டளையை மீறுவது, விசாரணையைக் குழப்புவது, நீதிமன்றத்தை இழிவுபடுத்திப் பேசுவது போன்ற செயல்களுக்குத்தான் அந்தத் தண்டனை. தமிழில் 'அவமதிப்பு' என்று செயலைக் குறிக்கும் சொல்லை வைத்தது நல்ல தெரிவு.

கேள்வி (கொள்ளுப்பிட்டி, அலுவலக வேலை): என் மேலாளர் என்னோடு மட்டும் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒரு மின்னஞ்சல் எழுதினால் "வெரி குட், யூ வ்ரோட் இட் யுவர்செல்ஃப்?" (நீங்களே எழுதினீர்களா?) என்பார். திட்டவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. ரூட் என்று சொல்லலாமா?

பதில்: இல்லைத் தங்கச்சி, ரூட் என்றால் மரியாதைக் குறைவு. இவர் மரியாதையாகத்தானே பேசுகிறார். இதற்குச் சரியான சொல் பேட்ரனைசிங். வேரில் தகப்பன் இருக்கிறார், லத்தீனில் பேட்டர். கேட்காமலே தகப்பன் ஸ்தானத்தில் ஏறி உங்கள் தலையைத் தடவுகிறார். வெளியே அன்பு, உள்ளே 'உனக்கு இவ்வளவுதான் முடியும்' என்ற கணிப்பு. அதனால்தான் உங்களால் கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

கொன்டிசென்டிங் இதன் உடன்பிறப்பு. டிசென்ட் என்றால் இறங்குதல். 'நான் மேலேயிருந்து உனக்காக இறங்கி வந்திருக்கிறேன்' என்ற தொனி அதில் கேட்கும், அன்பு தேவையில்லை. ஒரு காலத்தில் இது பாராட்டு. பிரபு ஒருவர் சாதாரண மனிதரோடு இயல்பாகப் பேசினால் அந்தப் பணிவை இந்தச் சொல்லால்தான் புகழ்ந்தார்கள். மேல் கீழ் என்பதே தப்பு என்று ஆட்கள் நினைக்கத் தொடங்கியதும் புகழ்ச்சி குற்றச்சாட்டாக மாறியது.

உங்கள் நிலைமை எனக்கு நன்றாக விளங்குகிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கே 'கடுவ' என்று பெயர் வைத்தார்கள், சிங்களத்தில் வாள். கொழும்பில் அந்த வாளை உறையிலிருந்து எடுக்காமலே காட்டுகிறவர்கள் உண்டு. ஆறுதலாக, "ஐ ஃபைன்ட் தட் அ லிட்டில் பேட்ரனைசிங்" என்று சொல்லிப் பாருங்கள். ரூட் என்று சொன்னால் "நான் என்ன கெட்ட வார்த்தையா பேசினேன்?" என்று திருப்பிக் கேட்பார். இந்தச் சொல்லுக்கு அப்படித் தப்ப முடியாது.

கேள்வி (புறக்கோட்டை, புடவைக் கடை): நாங்கள் வாடிக்கையாளருக்கு 'தேங்க் யூ ஃபோர் பேட்ரனைசிங் அஸ்' என்று பலகை வைத்திருக்கிறோமே! தப்பா?

பதில்: தப்பில்லை அண்ணா. கடையைச் சொன்னால் ஆதரித்தல், ஆளைச் சொன்னால்தான் மேலே சொன்ன தலைதடவல். 'அஸ்' என்ற இடத்தில் 'அவர் ஷொப்' என்று மாற்றிவிடுங்கள், சந்தேகமே வராது.

கேள்வி (கொட்டாஞ்சேனை, தாய்): மகனின் தவணை அறிக்கையில் 'இன்டிஃபரன்ட் டு ஸ்டடீஸ்' என்று இருக்கிறது. டிஃபரன்ட் இல்லை, அதாவது வித்தியாசமில்லை, மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பதில்: பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் அம்மா. அதன் பொருள் அக்கறை இல்லை, படித்தாலும் ஒன்று விட்டாலும் ஒன்று என்பது. ஆனால் பயப்படாதீர்கள், அது பிள்ளையின் குணத்தைக் குறை சொல்லும் சொல் இல்லை. கேலஸ் என்று எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். காய்த்துப்போன தோலுக்கான சொல்லிலிருந்து வந்தது அது. மற்றவரின் வலி கண்ணுக்குத் தெரிந்தும் உறைக்காத மனம்.

கேள்வி: அரகன்ட், ஹோட்டி, இன்சொலன்ட்?

பதில்: அரகன்ட், தன்னிடம் உள்ளதற்கு மேலாக உரிமை கொண்டாடும் மண்டைக்கனம். ஹோட்டி, நடையிலும் முகத்திலும் தெரியும் எடுப்பு. இன்சொலன்ட் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும்: மாணவன் ஆசிரியரிடம் வாய் காட்டுவது.

கேள்வி (தெஹிவளை, தொடர்மாடியில் வசிப்பவர்): மேல் வீட்டுக்காரர் வேண்டுமென்றே எங்கள் உடுப்புக் கொடியில் தண்ணீர் ஊற்றுகிறார். முகாமைக் குழுவுக்கு முறைப்பாடு எழுதுகிறேன். ஸ்பைட் போடவா, மாலிஸ் போடவா?

பதில்: ஸ்பைட் சின்ன மனக் கறுவல். உங்களுக்கு எரிச்சல் வரவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். தனக்கு லாபமில்லாவிட்டாலும் செய்வார். மாலிஸ் கனமான சொல், ஒருவருக்குத் தீங்கு நேரவேண்டும் என்ற வன்மம். சட்டத்திலும் புழங்குவதால், எழுதினால் நிரூபிக்கச் சொல்வார்கள். ஈர உடுப்புக்கு ஸ்பைட்டே அதிகம். கடிதத்தில் 'டெலிபரட்லி', அதாவது வேண்டுமென்றே, என்று மட்டும் போட்டு, எந்தத் திகதி, எத்தனை மணி என்று வரிசையாக எழுதுங்கள்.