கூடுதல் டீசல் டேங்க் வைத்தால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து சென்னைக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி என்னுடையது. ஒர்க்‌ஷாப்பில் 60 லிட்டர் டேங்க் ஒன்றைக் கூடுதலாக வைத்து, பெரிய ஃப்யூயல் பம்ப்பும் மாற்றினேன். போன மாதம் வண்டி தீப்பிடித்தது. ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், எரிந்த பம்ப், வயர், ஃபியூஸ் எதையும் கழற்ற விடாதீர்கள். வழக்கே அவற்றில்தான் இருக்கிறது. டேங்க்கை எடுத்துவிட்டு ‘வைக்கவே இல்லை’ என்று சொல்லச் சிலர் யோசனை தருவார்கள். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஏற்கெனவே போட்டோ எடுத்திருப்பார்.

அடுத்து, சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். தீ எங்கே தொடங்கியது என்பதுதான் கேள்வி. பேட்டரிப் பக்கம் தொடங்கியிருந்தால், டேங்க்குக்கும் தீக்கும் தொடர்பில்லை, அதை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனிக்கே என்று வாதிடலாம். பம்ப் வயரில் தொடங்கியிருந்தால் சிக்கல். பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும். பழைய வயரையும் ரிலேயையும் அப்படியே விட்டு, ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸை மாட்டியிருந்தால், ஃபியூஸ் போகும் முன்பே வயர் உருகிவிடும். இரண்டு டேங்க்கிலிருந்தும் டீசலை எடுத்து, மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனை ஒன்றுக்கு மட்டும் கொடுத்திருந்தாலும் அது நிரம்பி வழியும். இவை ஒர்க்‌ஷாப்பின் சேவைக் குறைபாடு. பில் இருந்தால் அவர்களையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டும். ஆர்.சி. விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் அதே பிரிவின் விளக்கப்படி, வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் ‘மாற்றம்’. பம்ப் மாற்றியது அதில் வராது என்று தைரியமாக வாதிடலாம். டேங்க் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்: 60 லிட்டர் டீசலே சுமார் 50 கிலோ, சேசிஸில் பிராக்கெட் வேறு. அனுமதியில்லாத மாற்றம் என்று முடிவானால், அதே சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணமில்லை. ஒர்க்‌ஷாப்பையும் சேர்ப்பதானால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் சரி. அங்கே கெடு 2 ஆண்டு. பிரீமியமாகவும் கூலியாகவும் நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. வணிக நோக்கம் என்று மனுவைத் தள்ளிவிடாமல் இருக்க, பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள். முழுத் தொகை கிடைக்காவிட்டாலும், ‘நான்-ஸ்டாண்டர்டு’ அடிப்படையில் (நிபந்தனை மீறல் இருந்தாலும் தொகையைக் குறைத்துத் தருவது) 75 சதவீதம் வரை தரச் சொல்லி மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள். அமலேந்து சாஹூ வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இந்த வழியை ஏற்றிருக்கிறது.

வழக்கு முடிந்து வண்டியைச் சரிசெய்யும்போது, அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) முன் இரண்டாவது டேங்க்கை எடுத்துவிடுங்கள்.