புதுக் கோழியைப் பழையதுகள் கொத்தினால்

காரைக்குடிச் சந்தையில் வாங்கிய மூன்று விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகளை) அன்றைக்கே பின்கட்டில் திறந்துவிட்டதாகவும், பழைய பெட்டைகள் தலையிலேயே கொத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொத்து இருக்கட்டும், யார் பெரியவள் என்று தீர்த்துக்கொள்கிற சண்டை அது. எனக்குக் கவலை வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய்தான், சந்தைக் கோழியோடு அது வந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். இப்போதே மூன்றையும் பிரித்து, தண்ணீர், தீவனம் எல்லாம் தனியாக வைத்து, நாலு வாரம் தள்ளியே வையுங்கள். பழையதுகளைக் கவனித்த பிறகே இதுகள் பக்கம் போங்கள்.

அப்புறம் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு வாரம் பார்த்துப் பழகட்டும் (பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தாலும் சரி, நிழல் வேண்டும்). கலக்கும்போது மூன்றையும் சேர்த்தே விடுங்கள், தீவனம் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். ரத்தம் வந்தால் அடிபட்டதை உடனே எடுத்துவிடுங்கள், ரத்தத்தைப் பார்த்தால் மற்றதுகளும் சேர்ந்து கொத்தும்.