வேல் வரைந்தால் வேலு

கேள்வி: பாட்டையும் கதையையும் மறக்காமல் காப்பதற்காகவே மனிதன் எழுத்தைக் கண்டுபிடித்தான் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சரிதானே ஐயா?
- வாசகி, பிடோக்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, மகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். தெற்கு ஈராக்கின் உருக் நகரில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளுக்கு வயது சுமார் 5,200. மொத்தம் 5,000 பலகைகள் தேறும். பெரும்பாலானவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? வாற்கோதுமை எவ்வளவு வந்தது, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு பியர் அளந்தார்கள். மிச்சம், எழுத்துப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல். பாட்டும் கதையும் பலகையேற இன்னும் ஒரு 600 ஆண்டு பிடித்தது. கோயில் களஞ்சியத்தில் குவிகிற தானியத்தை மனக்கணக்கில் வைத்துக்கொண்டு அத்தனை பெரிய நகரத்துக்குப் படியளக்க முடியுமா?

சிராங்கூன் சாலைப் பக்கம் என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பாக்கிக் கணக்கெல்லாம் அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டில். அப்பாவுக்கு எண் தெரியும், எழுத்து வராது. அதனால் வேலு அண்ணன் கணக்கின் தலையில் ஒரு வேல் இருக்கும். பால் என்று ஒரு யுரேஷியக்காரர். அவருக்குப் பால் சொம்பு! அவர் வாங்கியதெல்லாம் சிகரெட்டும் முட்டையும்தான்.

உருக் நகரத்துச் சுமேரியர் செய்ததும் இதைத்தான். அவர்கள் மொழியில் 'தி' என்றால் அம்பு. உயிர் என்பதற்கும் அதே ஒலி. உயிரை எப்படி வரைவது? அம்பை வரைந்துவிட்டார்கள். பொருளைக் காட்டிய படம் ஒலியைக் காட்டத் தொடங்கியது அப்படித்தான். அப்புறம் ஆள் பெயர், சாமி பெயர், எதை வேண்டுமானாலும் எழுதலாமே!

எல்லா நாட்டிலும் கணக்குதான் முதல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சீனத்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகள் குறி கேட்டவை. மழை வருமா, அறுவடை தேறுமா என்று 3,200 ஆண்டுக்கு முன் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூர்க் கல்லில் இருப்பது தமிழா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதை இதுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 3 மீட்டர் உயரத்துக்கு நின்ற பாறையை 1843இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது ஒரு துண்டு.

பக்கத்தில் பழந்தமிழ் எழுத்து வேண்டுமென்றால் தாய்லாந்தின் குவான் லுக் பாட் இருக்கிறது. அங்கே கிடைத்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்றில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பதன் என்பவருடைய கல் என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவது போலத்தான். இரவல் போனால் திரும்பி வரவேண்டுமே.

படிக்க முடியாத பக்கம் அப்பா நோட்டிலும் ஒன்று உண்டு. ஒரு குடை, எதிரே 14 வெள்ளி 30 காசு. அந்தக் குடை யார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.