துறவியாக அமர்ந்த தெய்வம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் யோகோஹாமாவில் வேலை பார்க்கும் மகனோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஒரு நாள் காமாகுரா போனோம். காலையில் ஹாச்சிமான் கோயில், மதியம் பெரிய புத்தர். முதலாவது அந்த நாட்டுத் தெய்வங்களை வணங்கும் ஷிண்டோ, இரண்டாவது பௌத்தம் என்று மகனின் நண்பர் விளக்கினார். இரண்டு இடத்திலும் அவர் கும்பிட்டார். "உங்கள் மதம் எது?" என்று கேட்டதற்கு, "எனக்கு மதம் கிடையாது" என்றார். இரண்டு மதங்களை வைத்துக்கொண்டு எதையுமே ஆழமாக நம்பாமல் இருக்கிறார்களா? அவர்களுடைய சிந்தனை வரலாற்றில் இதற்கு விளக்கம் உண்டா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் காமாகுராவில் வாழ்ந்த ஒருவரிடம் இதைக் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. நீங்கள் மதியம் பார்த்தது பௌத்தத்தின் பல புத்தர்களில் ஒருவரான அமிதாபர். காலையில் பார்த்த ஹாச்சிமானோ, அமிதாபரே இந்த மண்ணில் எடுத்த வடிவம் என்று அன்று பலரும் நம்பினார்கள். இரண்டு மதங்கள் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பதைவிட, ஒன்றாக இருந்தது எப்போது இரண்டானது என்று கேட்பதுதான் சரி.

ஹாச்சிமானின் கதையைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். அவர் கியூஷூ தீவில் உசா என்ற ஊரின் தெய்வம். அன்றைய தலைநகர் நாராவில் டோடாய்ஜி என்ற பௌத்தக் கோயிலின் மாபெரும் புத்தரை வார்த்துக்கொண்டிருந்தபோது, தானும் துணை நிற்பதாக அவர் அருள்வாக்கு சொன்னாராம். 749-ல் அவரை நாராவுக்கே எழுந்தருளச் செய்தார்கள். (752-ல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி.) அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹாச்சிமானுக்கு 'மகா போதிசத்துவர்' (புத்தராகும் பாதையில் இருப்பவர்) என்ற பட்டமும் வந்துவிட்டது. 1201-ல் கைகெய் என்ற சிற்பி அவரை மரத்தில் செதுக்கினார். தலை மழித்து, கையில் துறவியின் கோலோடு தாமரைப் பீடத்தில் அமர்ந்திருக்கிறார். சாமுராய்களின் காவல்தெய்வம் இப்படித் துறவியாக உட்கார்ந்திருப்பதில் அன்று யாருக்கும் முரண் தெரியவில்லை.

இதற்குப் பின்னால் இருந்த கோட்பாட்டை 'ஹோன்ஜி சுயிஜாகு' என்பார்கள். புத்தர்கள் மூலம், தெய்வங்கள் அவர்கள் இங்கே விட்ட சுவடு. அவதாரம் என்று நாம் உடனே புரிந்துகொள்வோம், அது கிட்டத்தட்ட சரிதான். ஆனால் 'எல்லாம் ஒன்றே' என்று பேசி முடித்த விஷயம் அல்ல இது. எது மூலம், எது சுவடு என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதம் நடந்தது. 15-ஆம் நூற்றாண்டில் யோஷிதா கானெதோமோ என்ற ஷிண்டோ அறிஞர் அதை அப்படியே திருப்பிப் போட்டார்: தெய்வங்களே மூலம், புத்தர்கள்தான் சுவடு. 13-ஆம் நூற்றாண்டுத் துறவி ஷின்ரானின் வழியினரோ அமிதாபர் ஒருவரே போதும், தெய்வங்களை வணங்க வேண்டியதில்லை என்றார்கள். ஆழமில்லாத நம்பிக்கைக்காக யாரும் இவ்வளவு வாதாட மாட்டார்கள்.

பிரிவுக்கு விதை போட்டது ஷோகன்கள் ஆண்ட எடோ காலம் (1603–1868). கிறிஸ்தவத்தை ஒழிக்க 17-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்தாக வேண்டும் என்று ஆட்சி கட்டாயப்படுத்தியது. சாவுச் சடங்கு இன்றும் பெரும்பாலும் பௌத்த முறையில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கோயில்கள் அரசாங்கப் பதிவேடுகளாக மாறின, மக்களுக்குக் கசப்பும் வளர்ந்தது.

அப்புறம் மோதோஓரி நோரிநாகா (1730–1801) என்ற அறிஞர். மாத்சுசாகாவில் மருத்துவம் பார்த்துக்கொண்டே 712-ல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்ற தெய்வக்கதை, வரலாற்று நூலுக்கு 44 பாகங்களில் உரை எழுதினார், கிட்டத்தட்ட 35 ஆண்டுகள். சீனாவிலிருந்து வந்த சிந்தனைப் பழக்கத்தைக் கழுவிவிட்டுப் பழைய சொற்களை அப்படியே கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. அவரே தன் உயிலில் ஊர் பௌத்தக் கோயிலில் ஒரு கல்லறையும், மலைமேல் செர்ரி மரத்தடியில் இன்னொன்றும் கேட்டு எழுதிவைத்தார். அவர் வழியில் வந்தவர்களுக்கு இரண்டு கல்லறைக்கு இடம் கொடுக்கும் மனம் இல்லை.

1868-ல் ஷோகன் ஆட்சி போய்ப் பேரரசர் பெயரில் வந்த மெய்ஜி அரசு தெய்வங்களையும் புத்தர்களையும் பிரிக்க ஆணையிட்டது. ஹாச்சிமானை இனி மகா போதிசத்துவர் என்று அழைக்கக் கூடாது என்று தனியாகவே ஓர் உத்தரவு வந்தது. நீங்கள் போன அதே காமாகுரா வளாகத்தில் பெரிய பகோடாவும் மற்ற பௌத்த மண்டபங்களும் இருந்தன. 1870-ல் இடித்துவிட்டார்கள். அங்கிருந்த துறவிகள் முடி வளர்த்து ஷிண்டோ பூசாரிகள் ஆனார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஆயிரம் ஆண்டுகள் கட்டிய ஒரு சிந்தனையைச் சில ஆண்டுகளில் கடப்பாரையால் தீர்த்துவிட்டார்கள்.

'மதம் கிடையாது' என்ற பதிலுக்கு வருகிறேன். மதம் என்பதற்கு இன்று அவர்கள் சொல்லும் 'ஷூக்யோ', பௌத்த நூல்களில் அரிதாக வந்த சொல். 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நாடுகளோடு ஒப்பந்தம் எழுதிய காலத்தில்தான் இந்தப் பொருளில் நிலைத்தது. நிறுவனர், வேதம், உறுப்பினர் எல்லாம் உள்ள அமைப்பையே அது பலருக்கு நினைவூட்டுகிறது. அப்படி எதிலும் சேரவில்லை என்பதைத்தான் உங்கள் மகனின் நண்பர் சொல்லியிருப்பார். கும்பிட்ட கை வேறு கதை.

கைகெய் செதுக்கிய அந்தச் சிலை நாராவில் டோடாய்ஜிக்குப் பக்கத்திலுள்ள ஹாச்சிமான் கோயிலில்தான் இருந்தது. மெய்ஜி பிரிவினையில் அதை டோடாய்ஜிக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 5 அன்று, திறந்து காட்டுகிறார்கள். அடுத்த முறை மகனைப் பார்க்கப் போகும்போது முடிந்தால் அந்த நாளில் நாராவில் இருங்கள்.